குறிக்காமல் விட்ட ஐம்பத்திரண்டு

மே 4, ஞாயிறு

கம்பெனியில் ஜனவரி மாதம் கொடுத்த டைரி. ஒரு பக்கமும் எழுதாமல் கிடந்தது. வீட்டில் வாயைத் திறந்தால் சண்டை வருகிறது என்பதால் இன்று முதல் இதில் எழுதுகிறேன்.

தங்கை ஜெமிமா இன்று நீட் எழுதினாள். இரண்டாவது முறை. இரண்டு மணித் தேர்வுக்குப் பதினோரு மணிக்கே போய் நின்றோம். அப்பாவுக்கு ஆட்டோ மேலும் நம்பிக்கை இல்லை, கடிகாரத்தின் மேலும் நம்பிக்கை இல்லை. அக்னி நட்சத்திரம் இன்று தொடங்குகிறதாம். தொடங்கியது நன்றாகவே தெரிந்தது. பள்ளிக்கூடச் சுவரோரம் ஒரு வேப்பமரம், இருநூறு பெற்றோர். நிழல் இருபது பேருக்குக் காணும்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. பிள்ளைகள் வெளியே வந்து தண்ணீர் குடிப்பதற்குள் இரண்டு அப்பாக்கள் முப்பத்தேழாவது கேள்விக்காக மோதிக்கொண்டார்கள்.

"எம் மவன் பி-ன்னு சொல்லுதான்."

"எம் பொண்ணு டி போட்டிருக்கா. அவ ஸ்கூல் ஃபர்ஸ்ட்டு, தெரியும்லா?"

"ஸ்கூல் ஃபர்ஸ்ட்டுன்னா? கேள்வித்தாளு ஒங்க வீட்லயா அடிச்சாவ?"

இரண்டு வினாத்தாளையும் வாங்கிப் பார்த்தேன். மேலே இருக்கும் குறியீட்டு எண் வேறு வேறு. கேள்விகள் ஒன்றுதான், வரிசை மாறியிருக்கும். ஒருவருக்கு முப்பத்தேழாவது கேள்வி தவளை, இன்னொருவருக்குக் காளான். இருபது நிமிடமாகத் தவளையும் காளானும் சண்டை போட்டிருக்கின்றன. இதைச் சொன்னதும் இருவரும் சமாதானமாகி என் மேல் பாய்ந்தார்கள். "நீரு யாரு தம்பி எடையில?"

மாலை ஆறரைக்கு ஜெமியின் சிநேகிதி முப்பிடாதியும், கூடப் படித்த ஆன்டோவும் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள், இயற்பியல் கணக்கை நான் போட்டுக் காட்டுவேன் என்று. நான் படித்தது டிப்ளமோ மெக்கானிக்கல். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. மைக்ரோமீட்டர் சரியாக அளக்கிறதா என்று அளப்பது. பிள்ளைகளை அளப்பதற்கு எனக்குச் சம்பளம் இல்லை.

ஏழு மணிக்கு ஒரு பயிற்சி மையத்தின் விடைப்பட்டியல் போனில் வந்தது. நாங்கள் "கீ" என்போம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் அவர். எந்தக் காகிதத்தையும் தன் வாயால் படித்தால்தான் அவருக்குக் காகிதம்.

அப்பா கீயைப் படிக்க, ஜெமி தான் போட்டதைச் சொல்ல, நான் லேப்டாப்பில் ஏற்ற வேண்டும். முதல் 128 கேள்விக்குத் தொல்லை இல்லை. வினாத்தாளிலேயே பேனாவால் புள்ளி வைத்திருக்கிறாள். கடைசி ஐம்பத்திரண்டுக்குப் புள்ளி இல்லை. ஏழு வேதியியல், நாற்பத்தைந்து இயற்பியல்.

"நேரம் இல்லண்ணே. நேரா ஓஎம்ஆர் ஷீட்லயே வட்டத்தக் கறுப்பாக்கிட்டேன். ஆனா ஞாபகம் இருக்கு."

"நூத்தி நாப்பத்தொண்ணு, சி" என்று அப்பா படித்தார்.

"சி" என்றாள் ஜெமி.

"அப்பா, நீங்க மொதல்ல விடையச் சொல்லாதிய. அவ சொல்லட்டும், பொறவு நீங்க படிங்க."

"எல்லாம் ஒண்ணுதாம்ல. எழுது."

இரண்டும் ஒன்றில்லை. எங்கள் ஆய்வகத்தில் அளப்பவனுக்கு உண்மையான அளவைக் காட்டவே மாட்டோம். காட்டினால் அவன் கை அங்கேதான் போகும். இதை விளக்க ஆரம்பித்தேன். அம்மா காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் டொம்மென்று வைத்தாள். அதற்கு அர்த்தம் பேசாதே என்று.

மொத்தம் 561. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று குறைய, மூன்று முறை கூட்டிவிட்டேன். எங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 530 வந்தால் அரசு மருத்துவக் கல்லூரி உறுதி என்று ஊரே சொல்கிறது. அப்பா எழுந்து நின்று ஜெபம் பண்ணினார். அம்மா அழுதாள். ஆன்டோ தனக்கு 388 என்றும், கேள்விகளே தப்பு என்றும் சொன்னான்.

முப்பிடாதி மட்டும் தன் தாளில் தப்புகளைத் தானே சுழித்துக்கொண்டிருந்தாள். "இது ஏ-தான் கறுப்பாக்கினேன்ணே. கட்டி வச்சு அடிக்கணும் என்னைய. இதும் தப்பு. இதும்." 402.

மே 5, திங்கள்

ஏ ஷிஃப்ட். ஆன்டோ ஆறு முறை போன் செய்தான். இன்னொரு மையத்தின் கீ வந்திருக்கிறதாம், அதில் அவனுக்கு 396. மூன்றாவது மையத்தின் கீயில் 381.

"எதண்ணே எடுத்துக்க?"

"கொறஞ்சத எடுத்துக்கோல."

"ஏண்ணே நெகட்டிவ்வாவே பேசுதிய?"

எட்டு மார்க்குக்கு மூன்று கீ தேடுகிறவனிடம் வேறு எப்படிப் பேசுவது?

மே 7, புதன்

ஜெமி சரியாகச் சாப்பிடவில்லை. வெயில் என்கிறாள் அம்மா.

மே 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து சாட்சி சொல்ல அழைத்தபோது அப்பா எழுந்துவிட்டார். "கர்த்தர் எங்க வீட்டுப் பிள்ளைக்கு ஐந்நூத்தி அறுபத்தொரு மார்க்கைக் கட்டளையிட்டிருக்கார்." இன்னும் ரிசல்ட் வரவில்லை. நான் பக்கத்தில் இருந்தவரின் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் நாலு பேர் ஜெமியிடம் இரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை போடலாம் என்று கேட்டார்கள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்கள்.

ஜெமி சிரித்தாள். அவள் சிரிக்கும்போது பல் தெரியும். இன்று தெரியவில்லை.

மே 14, புதன்

வேலையில் இன்று டயல் கேஜ் என்ற அளவுக் கருவியால் ஒரு தகராறு. ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கும் அளவுகள் சரியாக இருக்கின்றன, மறு பக்கத்துக்கு எழுதியவை மிகவும் சரியாக இருக்கின்றன. மிகவும் சரி என்பது எங்கள் தொழிலில் நல்ல செய்தி இல்லை. அளந்தவன் அளக்காமலே எழுதியிருக்கிறான் என்று பொருள்.

வீட்டுக்கு வந்து ஜெமியின் கணக்கைத் திறந்தேன். புள்ளி வைத்த 128-இல் நூறு சரி, இருபத்தெட்டுத் தப்பு. புள்ளி வைக்காத 52-இல் நாற்பத்தெட்டு சரி, மூன்று தப்பு, ஒன்று விட்டது. நிதானமாகப் போட்டதில் நாலில் மூன்று சரி. நேரமில்லாமல் கடைசி அரை மணியில் போட்டதில் ஏறத்தாழ எல்லாமே சரி. அதுவும் இயற்பியல். நாற்பத்தைந்தில் நாற்பத்திரண்டு. மாதிரித் தேர்வுகளில் அவள் இருபத்தைந்தைத் தாண்டியதே இல்லை.

மாதிரித் தேர்வுக் கணக்கை வைத்து அந்த 52-ஐத் திரும்பப் போட்டேன். 470 வருகிறது. கூடக் குறையப் பதினைந்து.

லேப்டாப்பை மூடிவிட்டேன். அம்மா மாவு வாங்கிவரச் சொன்னாள். போனேன்.

மே 19, திங்கள்

முப்பிடாதி வந்தாள். நர்சிங் சேரப் போகிறாளாம். "நானூத்தி ரெண்டுக்கு ஒருத்தனும் கத்தி புடிக்க விடமாட்டான்ணே, ஆனா ஊசி புடிக்க விடுவான்லா." அவள் அப்பா இரண்டு நாள் பேசவில்லையாம், மூன்றாம் நாள் பேசிவிட்டாராம். இரண்டு நாள்தான்.

ஜெமி குளித்துக்கொண்டிருந்தாள். முப்பிடாதி குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ஜெமிக்கு பிசிக்ஸ்ல நாப்பத்திரெண்டா?" என்றாள்.

"ஏன், வரக்கூடாதா?"

"வரலாம்ணே. ஹால்ல எனக்கு முன்னால பெஞ்சு அவ. கடைசி பெல்லடிக்கும்போது பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டே இருந்தா. அதான் கேட்டேன்."

"ஒன் தாளப் பாத்து எழுத வேண்டியதுதான, அவ முதுக எதுக்குப் பாத்த?"

முகம் சுருங்கிப் போய்விட்டாள். காப்பி குடிக்காமல் போனாள். கேள்வி சரியான கேள்வி. அதனால்தான் கோபம் வந்தது என்று இப்போது எழுதுகிறேன், எழுதி என்ன.

மே 24, சனி

ஜெமி விண்ணப்பித்திருந்த அரசு கலைக் கல்லூரியில் இருந்து அவள் போனுக்குச் செய்தி. பி.எஸ்ஸி. தரவரிசையில் 41. ஜூன் 2, திங்கள் காலை ஒன்பதரைக்கு அசல் சான்றிதழ்களுடன் கலந்தாய்வுக்கு வர வேண்டும். வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

அப்பா படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"டாக்டருக்குப் போற பிள்ள அங்க போய் எதுக்கு லைன்ல நிக்கணும்?"

"போய் ஒரு சீட்டப் புடிச்சு வச்சா என்னப்பா?"

"டி.சி.ய வாங்கி வச்சுக்கிடுவான். பொறவு மெடிக்கல் கவுன்சிலிங்குக்கு அசல் கேப்பான். அங்ஙன போய் கொடு கொடுன்னு நான் மனு எழுதிக்கிட்டுத் திரியணும். எத்தன பிள்ளையளுக்கு எழுதிக் கொடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

இதில் நியாயமும் இருக்கிறது. அதுதான் எரிச்சல். முழுக்கத் தப்பாகப் பேசுகிறவரை மறுத்துவிடலாம்.

ஜெமி தட்டில் சோற்றை அள்ளுவதும் விடுவதுமாக இருந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். நான் ஊறுகாய் எடுக்க எழுந்து போனேன். ஊறுகாய் மேசையிலேயே இருந்தது.

கணக்கு எளிது. 561 உண்மையானால் கல்லூரிக்குப் போகத் தேவையில்லை. 470 உண்மையானால், ஜூன் 2-ஐ விட்டால், மருத்துவமும் இல்லை, இதுவும் இல்லை. இன்னொரு வருடம் அந்த அறையில் அந்த மேசை. மூன்றாவது வருடம்.

மே 28, புதன்

இன்று பி ஷிஃப்ட். கிளம்பும் நேரத்தில் அப்பா ஒரு காகிதத்தை நீட்டினார். நான் அச்சடித்துக் கொடுத்த ஜெமியின் கணக்குத்தாள். கீழே தன் கையால் எழுதியிருந்தார்: "மேற்கண்ட விடைகள் யாவும் என் முன்னிலையில் சரிபார்க்கப்பட்டன என உறுதி கூறுகிறேன்."

"கையெழுத்துப் போடு. தேதி மே நாலுன்னு போடு."

"எதுக்குப்பா?"

"ஓஎம்ஆர் ஷீட்டோட படம் வரும்லா, அதுல கொறச்சுக் காட்டினாம்னா நம்மகிட்ட ஆதாரம் இருக்கணும். ஒனக்குத்தான் அன்னைக்கு ஒரு ஆதாரமும் இல்லாமப் போச்சு. இந்தத் தடவ விடமாட்டேன்."

இதை எழுதாமல் தப்பிக்க முடியாது போல. ஆறு வருடத்துக்கு முன்னால் நானும் இதே தேர்வை எழுதினேன். வீட்டில் 540 என்று கணக்குப் போட்டோம். வந்தது 287. ஸ்கேன் செய்யும்போது வேறு எவனுடைய ஷீட்டோ என் எண்ணுக்கு மாறிவிட்டது என்று அப்பா முடிவு செய்தார். டில்லிக்கு, சென்னைக்கு, கலெக்டருக்கு, மொத்தம் பதினோரு மனு. ஒன்றிரண்டுக்குப் பதில் வந்தது: "தங்கள் விடைத்தாள் முறையாக மதிப்பிடப்பட்டுள்ளது." அவர் இன்றும் தன்னிடம் மனு எழுத வருகிறவர்களிடம் சொல்வார், "எம் மவனுக்கே ஷீட்டு மாறிப்போச்சுய்யா, ஒமக்கு பட்டா மாறுனது பெரிய அதிசயமா?"

கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மே 29, வியாழன்

ஆன்டோ பதினான்கு கேள்விகளை எதிர்த்து மறுப்பு போடப் போகிறானாம். அதிகாரபூர்வ கீ வரும் முன்பே கடிதம் தயார். இவனும் அப்பாவும் ஒரே வீட்டில் பிறந்திருக்க வேண்டியவர்கள்.

மே 31, சனி

அம்மா: "நீயாவது அப்பாட்ட சொல்லேம்ல, திங்கக்கெழம அந்தக் காலேஜுக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வரட்டும்."

நான்: "நீ சொல்லு."

அம்மா: "நான் சொன்னா கேக்காவளா? நீ கணக்குப் போட்டவன்."

ஜூன் 1, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மொட்டை மாடிக்குப் போனேன். ஜெமி கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சூடு காலைச் சுட்டது. சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

"ஏட்டி, பிசிக்ஸ்ல எத்தன விட்ட?"

கையில் இருந்த தலையணை உறையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

"எட்டு. எட்டுக்கு வட்டமே போடல."

"ஒண்ணுன்னு சொன்ன."

"ஆமா."

"மத்தது?"

"பாதி குருட்டாம்போக்கு. எது போட்டேன்னு எனக்கே தெரியாது. அப்பா சி-ன்னு படிச்சா, எனக்கும் சி போட்ட மாதிரியே இருந்துச்சு. நெசமா இருந்துச்சுண்ணே. மொத மூணு நாலுக்கு அப்படித்தான் இருந்துச்சு. அதுக்கப்பறம் தெரிஞ்சே சொன்னேன். அப்பா மூஞ்சிய நீ பாக்கல. நீ கம்ப்யூட்டரப் பாத்துட்டு இருந்த."

"அப்பவே சொல்லிருக்கலாம்லா?"

துணியைக் கூடையில் போட்டாள். போட்டது அல்ல, எறிந்தாள்.

"நீ சொல்லிருக்கலாம்லா? ஒனக்குத் தெரியாதா? ஊர்ல எல்லாரையும் மூஞ்சிக்கு நேரா கேக்குத. ஆன்டோவக் கேக்குத, முப்பிய அழவிட்டு அனுப்புத. எங்கிட்ட மட்டும் ஐநூத்தி அறுபத்தொண்ணுன்னு மூணு தடவ கூட்டிச் சொன்ன. தெனமும் பாத்தேண்ணே. இன்னைக்கு இவன் கேட்டுருவான், இன்னைக்குக் கேட்டுருவான்னு. நீ ஊறுகா எடுக்கப் போற."

எனக்கு இதற்குப் பதில் இருந்தது. நல்ல பதில் இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

அப்பா மேசையில் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். "பெறுநர்" என்பதோடு நின்றிருந்தது. படம் வருமுன்பே மனு.

"அப்பா, ஐநூத்தி அறுபத்தொண்ணு தப்பு. நானூத்தி எழுவது வரும். கூடக் கொறையப் பதினஞ்சு. நாளைக்குக் காலேஜுக்குப் போணும்."

"யாரு சொன்னா?"

"நான் சொல்லுதேன். நான்தான கணக்குப் போட்டேன்."

"அன்னைக்கு ஒரு கணக்கு, இன்னைக்கு ஒரு கணக்கா? கையெழுத்துப் போட்டிருக்க."

கணக்கை விளக்கினேன். புள்ளி வைத்தது, வைக்காதது, சதவீதம். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் மே 4 முதல் எதைக் கேட்கப் பயந்தேனோ அதைச் சொன்னார்.

"ஒனக்குக் கெடைக்கல. தங்கச்சிக்கு கெடச்சா ஒனக்குப் பொறுக்கலையோ?"

"ஏங்க!" என்றாள் அம்மா அடுப்படியில் இருந்து.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இரண்டு நாள் லீவு கேட்கப் போகிறவன் மாதிரி நின்றுகொண்டு சொன்னேன்.

"எனக்கு ஷீட்டு மாறலப்பா."

"என்னது?"

"அன்னைக்கு சாயங்காலம் நீங்க கீ படிச்சிய. நீங்க படிச்சதத்தான் நான் திருப்பிச் சொன்னேன். வெளிய வரும்போதே தெரியும், முந்நூறு தாண்டாதுன்னு. கம்ப்யூட்டர்ல வந்த ஷீட்டு என்னோடதுதான். வட்டத்த நான் ஓரத்துல கொஞ்சம் வெள்ளையா விட்டுத்தான் கறுப்பாக்குவேன். எல்லா வட்டமும் அப்படியே இருந்துச்சு."

அம்மா வாசற்படியில் வந்து நின்றாள், கையில் கரண்டியோடு.

"பதினோரு மனு எழுதினேம்ல" என்றார் அப்பா.

"தெரியும்பா."

"கலெக்டர் முன்னால போய் நின்னேன். எம் பிள்ள பொய் சொல்லமாட்டான் ஐயான்னு சொன்னேன்."

"தெரியும்."

"மொத மனுவுக்கு முன்னால சொல்லிருக்கலாம். ரெண்டாவதுக்கு முன்னால சொல்லிருக்கலாம்."

ஒவ்வொன்றாக எண்ணிப் பதினொன்று வரை போவாரோ என்று இருந்தது. போகவில்லை. இரண்டிலேயே நிறுத்திக்கொண்டார். பேனாவை மூடினார். ஜெமி பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, நீ எத்தன விட்ட?"

"எட்டுப்பா."

"எட்டா?"

"எட்டு. மத்ததுலயும் பாதி தெரியாமப் போட்டது."

எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். கையில் ஜெமியின் சான்றிதழ்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ஜெராக்ஸ்.

இரவு இட்லி.

ஜூன் 2, திங்கள்

அரை நாள் லீவு போட்டேன். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். "தங்கச்சிக்குக் காலேஜ்" என்றேன். "எம்.பி.பி.எஸ்-னு சொன்னாவ?" என்றார். எங்கள் சபையின் சாட்சி கங்கைகொண்டான் வரை வந்திருக்கிறது.

கல்லூரியில் எட்டரைக்கே வரிசை. வராண்டா முழுக்கப் பெற்றோர், பிளாஸ்டிக் உறைகள். அப்பா வீட்டில் இருந்து கிளம்பியது முதல் என்னிடம் பேசவில்லை. ஜெமியிடமும் தேவைக்குத்தான். முன்னால் நின்றவர் திரும்பினார். நாங்குநேரிப் பக்கம், நல்ல பேச்சுக்காரர்.

"பாப்பா நீட் எழுதிச்சா?"

"எழுதினா" என்றார் அப்பா.

"எவ்வளவு வருதாம்? எம் பொண்ணுக்கு ஐநூத்தி எழுவது வருது. சும்மா இங்ஙனயும் ஒரு எடம் போட்டு வப்போமேன்னு வந்தோம்."

நான் தரையைப் பார்த்தேன். ஜெமி சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்தாள். அது போன வருடத்து அறிவிப்பு.

"நானூத்தி எழுவது" என்றார் அப்பா. "கூடக் கொறையப் பதினஞ்சு."

"சும்மா சொல்லாதியய்யா. கண்ணு பட்ரும்னு கொறச்சு சொல்லுதிய."

"இல்ல. அதான் வரும்."

அவர் நம்பவில்லை. அவர் மகளை ஒருமுறை பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தன் உறையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவளிடம் எத்தனை விட்டாய் என்று கேட்க வாய் வந்தது. என் வேலை இல்லை.

விலங்கியல் முப்பத்தெட்டாவது ஆளோடு முடிந்துவிட்டது. ஜெமி கேட்டது அதுதான். வேதியியலில் ஐந்து இடம் இருந்தது. எடுத்துக்கொண்டாள். மேசையில் இருந்த பெண் அலுவலர் டி.சி.யைக் கேட்டார். அப்பா நீட்டினார், ஆனால் பிடியை விடவில்லை. அந்த அலுவலர் இழுத்தார்.

"சார், விட்டாத்தான பதிய முடியும்?"

விட்டார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். எனக்கு ஒன்றரைக்குள் வேலைக்குப் போக வேண்டும். பஸ் வரும் போல இல்லை. அப்பா ஜெமிக்கும் தனக்கும் சர்பத் வாங்கினார். கொஞ்ச நேரம் கழித்து, கடைக்காரரிடம் இன்னொன்று போடச் சொன்னார். என் பக்கம் திரும்பாமலே நீட்டினார். நன்னாரி அதிகம், எலுமிச்சை குறைவு. குடித்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

முப்பிடாதிக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குண்ணே?" என்றாள். அவளுக்கு உண்மையாகவே மறந்துவிட்டதா, இல்லை என்னை விளக்கம் சொல்ல வைக்கிறாளா தெரியவில்லை. விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அத நான் அன்னைக்கே மன்னிச்சுட்டேன்ணே, காப்பி போச்சேன்னுதான் வருத்தம்" என்றாள்.

ஜூன் 4, புதன்

ஓஎம்ஆர் படமும் கீயும் வந்துவிட்டன என்று ஆன்டோதான் முதலில் சொன்னான், கத்தினான் என்பது சரி. தளம் திறக்க முக்கால் மணி நேரம். நாலு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி. மின்விசிறிக் காற்று யாருக்கும் வரவில்லை.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். கண்ணாடியை மாட்டினார். ஆனால் கீ இருந்த தாளை என்னிடம் தள்ளினார்.

"நீ வச்சுக்க. நான் ஷீட்டப் படிக்கேன். அவ போட்டது என்னன்னு நான் சொன்ன பொறவு நீ படி."

ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். "ஒண்ணு, பி." "சரி." "ரெண்டு, ஏ." "தப்பு." நூற்றெண்பதும். ஜெமி பக்கத்தில் நின்று கூட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் வெறும் வட்டங்கள் வரத் தொடங்கியபோதும் அவர் குரல் மாறவில்லை. "இது இல்ல. இதும் இல்ல." எட்டு இல்லைகள்.

483.

நான் சொன்ன எல்லைக்குள்தான். யாரும் பாராட்டவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஜெமி முகத்தைக் கழுவப் போனாள், குழாய் வெகுநேரம் ஓடியது. அப்பா ஸ்கேலைக் கொண்டு மேசை விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பழக்கம், ஆறு வருடப் பழக்கம். மேசை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத்தாள் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதிப் போடணுமாங்க?"

"எதுக்கு? ஷீட்டு மாறல" என்றார் அப்பா.

தாளைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்தார். அது சரியாக மூடவில்லை, எப்போதும் மூடாது. இடுப்பால் ஒரு தள்ளு தள்ளினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பிள்ளைக்கும் மாறல."